சுரங்கம் மூடினால் பரவனாறு என்ன ஆகும்?

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. அந்த வீடியோ அன்று போன் போனாகச் சுற்றியது. இழப்பீடு, கைது, நீதிமன்றம் என்று பேச்சு போனதில் ஒரு பெயர் மட்டும் அடிபடாமலே போனது: பரவனாறு. அன்று வெட்டியது அந்த ஆற்றைத் திருப்பிவிடும் கால்வாய்தான்.

எந்த ஆறு இது?

காவிரி, பாலாறு மாதிரி பெரிய ஆறு கிடையாது. நெய்வேலிப் பக்கத்து மழைநீரை வாங்கி, பெருமாள் ஏரியை நிரப்பி, கடலூர் பக்கம் உப்பனாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. அதே மாவட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும் குட்டி ஆறு. ஆனால் பெருமாள் ஏரிப் பாசன விவசாயிக்கு இதுதான் காவிரி.

என்.எல்.சி. ஏன் திருப்பியது?

நிறுவனம் தொடங்கியது 1956-ல். 1961-ல் பழுப்பு நிலக்கரி கைக்கு வந்தது. இரண்டாம் சுரங்கம் விரியும் திசையில் ஆறு குறுக்கே வந்தது. ஆற்றை நகர்த்தாமல் சுரங்கம் நகர முடியாது. நிலத்தை முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். நியாயமான கேள்வி.

இதில் இன்னொரு சிக்கல் என்ன?

நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை ராத்திரி பகலாக பம்ப் செய்யாவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலே பிதுங்கிவிடும். அப்படி இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஓடைகள் வழியே பரவனாற்றுக்கும் ஏரிகளுக்கும் போகிறது. மழை இல்லாத மாதங்களில் வயலுக்கு வருவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். நிலத்தை எடுத்த சுரங்கமே தண்ணீரும் தருகிறது. சரி, பம்ப் நின்றால்?

ஜெர்மனி சொல்லும் பாடம்

பெர்லினுக்குப் போகும் ஸ்ப்ரே ஆறும் இப்படித்தான், பழுப்பு நிலக்கரிச் சுரங்க நீரை நம்பி ஓடுகிறது. 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்த அந்த நாடு சட்டம் போட்டிருக்கிறது. பம்ப் நின்றால் வறண்ட கோடையில் ஸ்ப்ரேயில் சில இடங்களில் 75 சதவீதம் வரை தண்ணீர் குறையலாம் என்று ஜெர்மனியின் மத்திய சுற்றுச்சூழல் முகமை 2023-ல் எச்சரித்தது. மூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கணக்குப் போட்டு, ஊரறியச் சொன்னார்கள்.

இங்கே என்ன செய்யணும்?

இந்தியாவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயம். நெய்வேலித் திட்டத்தில் பரவனாற்றுக்கென்று தனி அத்தியாயம் வேண்டும். ஆற்றுக்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள், அதன் தரம் என்ன என்பதைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கடைமடை விவசாயிகளை உட்காரவைத்துப் பேச வேண்டும். ஏரிகளைத் தூர்வாரி மழைநீரைப் பிடிக்கும் வேலையை பம்ப் ஓடும்போதே முடிக்க வேண்டும். நின்ற பிறகு ஆரம்பித்தால் பயனில்லை.

நெய்வேலி மின்சாரத்தில் சென்னையில் லேப்டாப்பும் ஓடுகிறது, ஏசியும் ஓடுகிறது. அந்த மின்சாரத்தின் விலையில் பரவனாற்றின் கணக்கு இன்னும் சேரவில்லை. சுரங்கத்துக்கு ஆயுள் உண்டு, ஒருநாள் நிலக்கரி தீரும். அதற்குப் பிறகும் பெருமாள் ஏரிக் கரையில் நாற்று நட ஆள் இருப்பார்கள். தண்ணீர் இருக்குமா என்பதை இன்றைக்கே முடிவு செய்யணும்.