கஞ்சாவில் மருந்து இருக்கிறதென்றால்?



‘கஞ்சா உடலின் அழற்சியைத் தணிக்கிறது என்று விஞ்ஞானமே கூறுகிறதே, மார்க்கம் ஏன் தடுக்கிறது?’ என நம் பிள்ளைகளே இன்று வினவுகின்றனர். அதட்டி வாயடைப்பதில் பயனில்லை. விஞ்ஞானம் கூறுவது என்ன என்பதை முதலில் நாம் அறிய வேண்டும்.

கஞ்சாவின் வேதிப்பொருளைப் போன்று செயல்படும் பொருட்களை நம் உடலே உண்டாக்குகிறது. 1992இல் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு, ஆனந்தம் என்னும் சொல்லைக் கொண்டே ‘ஆனந்தமைடு’ எனப் பெயரிட்டனர். நரம்பணுக்களிடையே செய்தி அளவு மீறிப் பாயும்போது, பெறுகின்ற அணு இத்தகைய பொருளை அனுப்புகின்ற அணுவுக்கே திருப்பி விடுகிறது. ‘போதும், குறைத்துக்கொள்’ என்று கூறுவதைப் போல. பணி முடிந்ததும் நொதி ஒன்று அதனை விரைவாகச் சிதைத்துவிடுகிறது. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் மட்டும். ஸுப்ஹானல்லாஹ்!

இச்செய்தியை வாங்கும் ஏற்பிகளுள் சிபி1 மூளையில் நிறைந்துள்ளது. சிபி2 பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் உள்ளது. பின்னது தூண்டப்படும்போது அழற்சியை வளர்க்கும் சைட்டோகைன்கள் குறைவதை ஆய்வுக்கூடங்களில் கண்டுள்ளனர். பிள்ளைகள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் கஞ்சாவின் டிஎச்சி இரண்டு ஏற்பிகளையும் பற்றுகிறது. அழற்சியைத் தணிக்கக்கூடிய அதே பொருள் நினைவையும் நிதானத்தையும் குலைக்கிறது. உடலின் சொந்தப் பொருளைப் போல் உடனே சிதைவதுமில்லை. புகைப்பவனுக்கோ, அப்புகையே மூச்சுக்குழாயில் அழற்சியை உண்டாக்குகிறது.

மதுவிலும் சில பயன்கள் உண்டென்று குர்ஆன் (2:219) மறுக்காமலே கூறி, அதன் பாவம் பெரிது என்கிறது. ஆகவே பயன் இருப்பதாக நிரூபிப்பதால் சட்டம் மாறிவிடாது. தடைக்குக் காரணம் அறிவு மறைக்கப்படுவதே.

மறுபுறம், சிபிடி என்னும் பொருள் அத்தகைய போதையைத் தருவதில்லை. அதைத் தூய்மைப்படுத்திய எபிடியோலெக்ஸ் மருந்துக்கு, இரண்டு வகைக் கடுமையான வலிப்பு நோய்களுக்காக 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கஞ்சா என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், மருத்துவர் எழுதிய மருந்தையும் ஹராம் என ஒதுக்கிக் குழந்தையைத் துடிக்க விடுவது பேணுதல் ஆகாது. அழுகிய கையை வெட்டுவதற்காக அறிவை மயக்க வேண்டியிருந்தால் அது கூடும் என்பதையே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சரியான கருத்தாகக் கொண்டார்கள்.

மூட்டுவலிக்கென்று இணையத்தில் விற்கப்படும் எண்ணெய்களின் கதை வேறு. விலங்குகளில் கண்ட பலன் மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை. சிபிடி கல்லீரலைப் பாதிக்கலாம். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரினின் அளவை உடலில் உயர்த்தி இரத்தக் கசிவுக்கும் வழிவகுக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு அதை வாங்கித் தர எண்ணுவோர், அவர்கள் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலுடன் முதலில் மருத்துவரைக் காணட்டும்.