அடுப்படி வரலாறு

சோழர் கால வரிப் பெயர்களைப் படித்தாலே சாமானியக் குடும்பம் ஒன்றின் முற்றம் தெரிகிறது. தறி இருந்தால் தறியிறை, செக்கு ஆட்டினால் செக்கிறை, உழுதால் கடமை. போதாததற்குக் கூலியில்லாத வெட்டி வேலை. இதோடு ஒப்பிட, தென் அமெரிக்காவின் இன்கா பேரரசில் உழைப்புதான் வரி. ஆண்கள் முறைவைத்து அரசு நிலத்தில் பாடுபட்டார்கள். அரசு தந்த கம்பளியை வீடுகளில் நூற்று நெய்து கொடுத்தார்கள். பெருவின் மந்தாரோ பள்ளத்தாக்கில் அந்தச் சாமானியர் வீடுகளையே தோண்டியிருக்கிறார்கள். இன்கா ஆட்சியில் ஆண்கள் பலர் பெண்களைவிட அதிகம் மக்காச்சோளம் உண்டார்கள் என்பதை எலும்பை ஆராய்ந்தே சொல்கிறார்கள். ஒரே வீடு, இரண்டு விதச் சாப்பாடு!

நம் கோயில் சுவர்கள் குடிகள் கட்டிய வரியைச் சொல்லும். கட்டிய பிறகு பானையில் என்ன மிஞ்சியது, அதில் பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைச் சொல்லாது. சங்க காலத்துக்காவது கீழடி அகழாய்வு இருக்கிறது. சோழர் காலச் சாமானியர் வீட்டையும் அப்படித் தேட வேண்டும். மாங்காடு, சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் போன்ற பழைய ஊர்களின் நத்தங்களில் அடுக்குமாடிக்கு ஜேசிபி இறங்கும் முன், தொல்லியல் துறை ஒரு குழியாவது போட்டுப் பார்க்க வேண்டும். கரிந்த நெல், மீன் முள், உடைந்த தக்களி, எது கிடைத்தாலும் சரி.