'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்கிற கெட்ட வார்த்தை

மூணாம் வருஷம் வந்தாச்சு மக்களே. கேம்பஸ் இன்டர்வியூ சீசன். கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே பயம், வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு. எனக்கு இன்னொரு பயமும் சேர்ந்துக்கிச்சு. வேலை கிடைச்சப்புறம் நாம என்னவா ஆகப் போறோம்?

போன கோடை லீவுல ரெண்டு மாசம் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனேன். பேர் வேண்டாம். முதல் நாள் யாரும் எதுவும் சொல்லித்தரலை. ஒரு நாற்காலி, ஒரு பச்சை மை பேனா, ஒரு கட்டு வவுச்சர், அவ்வளவுதான். மூணாவது வாரம் ஒரு கிளையன்டோட பெட்டி கேஷ் பார்த்துக்கிட்டு இருந்தேன். லாரி வாடகைன்னு பதினோரு வவுச்சர். ஒண்ணுக்கும் பில் இல்லை. வேற வேற பேர்ல கையெழுத்து, ஆனா எல்லாம் ஒரே ஆள் போட்ட மாதிரி இருந்தது. சீனியர் அண்ணாகிட்ட காட்டினேன். சிரிச்சார். "இங்க இப்படித்தான் தம்பி. டிக் போடு. போகப்போக பழகிடும்."

போட்டேன். பதினோரு டிக். சாயங்காலம் அதே அண்ணா டீ வாங்கிக் குடுத்து, "பரவாயில்லையே, சீக்கிரம் செட் ஆயிட்டே"ன்னார். சத்தியமா சந்தோஷமா இருந்தது. அந்த சந்தோஷத்தை நினைச்சாத்தான் இப்ப வயித்தைக் கலக்குது.

இதுக்கு நம்ம மேனேஜ்மென்ட் பேப்பர்ல 'ஆர்கனைசேஷனல் சோஷியலைசேஷன்'னு பேரு. புதுசா சேர்றவர் நிறுவனத்தோட பழக்கவழக்கங்களைக் கத்துக்கிட்டு அதுல ஒருத்தரா மாறுறது. நாம அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி கக்கிட்டு வந்துடுவோம். அதுல மாற வேண்டியவன் எப்பவும் புதுசா வந்தவன்தான். நிறுவனம் மாறணும்னு யாரும் எழுதுறதில்லை, எழுதினா மார்க்கும் வராது.

ஆனா இந்த விஷயத்தை ஆரம்பத்துல எழுதினவங்க அப்படிச் சொல்லலை. எட்கர் ஷைன் 1968-லயே எழுதினார். புதுசா வர்றவன் எல்லாத்தையும் எதிர்க்கலாம், எல்லாத்தையும் அப்படியே ஏத்துக்கலாம், இல்லேன்னா அந்த வேலைக்கு ரொம்ப முக்கியமானதை மட்டும் ஏத்துக்கிட்டு மத்ததுல தன் புத்தியை வச்சுக்கலாம். இதுல முதல் ரெண்டுமே தோல்வின்னார். நல்லா கவனிங்க. நம்மாளுங்க 'செட் ஆயிட்டான்'னு கொண்டாடுறதை அவர் தோல்விங்கிறார்.

1979-ல ஜான் வான் மானனும் ஷைனும் சேர்ந்து இன்னொண்ணு சொன்னாங்க. ஏற்கனவே அதே வேலையைப் பார்த்தவர் கையால பழக்கப்படுறவன், அவர் செஞ்ச மாதிரியே கேள்வி கேட்காம செய்யத்தான் வாய்ப்பு அதிகம். என் அண்ணா கெட்டவர் இல்லைங்க. அவருக்கும் யாரோ ஒரு அண்ணா டீ வாங்கிக் குடுத்திருப்பார்.

"நேத்து வந்த பயலுக்கு என்ன தெரியும்? முதல்ல கத்துக்கட்டும்"னு சொல்றவங்களுக்கு: ஒத்துக்கறேன். முதல் வாரம் டிடிஎஸ்ஸைத் தப்பான லெட்ஜர்ல போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான். ஃபைல் எப்படி அடுக்கறது, கிளையன்டுகிட்ட எப்படிப் பேசறது, இதெல்லாம் கத்துக்கத்தான் வேணும். அது தொழில். கண்ணுல பட்டதைப் படாத மாதிரி இருக்கறது தொழில் இல்லை. ரெண்டையும் ஒரே பொட்டலமா கட்டி 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'ன்னு கையில குடுக்கறதைத்தான் எதிர்க்கிறேன்.

பதினோரு வவுச்சருக்கு இவ்வளவு சீனான்னு கேட்பீங்க. 2009 ஜனவரி 7-ம் தேதி, நாம எல்லாம் எல்கேஜி வயசுல இருந்தப்ப, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்குல காட்டின ரொக்கம், பேங்க் இருப்புல 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லைன்னு. அதுவும் ஒரே நாள்ல நடந்தது இல்லை, பல வருஷமா ஊதின கணக்கு. பேங்க்ல இருக்கற பணத்தை பேங்க்கிட்ட நேரா கேட்டு உறுதி பண்றதுன்னு நம்ம ஆடிட்டிங் பாடத்துலயே இருக்கு. புத்தகத்துல இருந்து என்ன பிரயோஜனம்? 'இங்க இப்படித்தான்'னு பழகின இடத்துல புத்தகம் செல்லாது.

அதனால கேம்பஸ்ல உட்காரப் போற நண்பர்களே, "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்கும்போது சம்பளத்தோட நிறுத்தாதீங்க. எனக்கு யார் சொல்லித்தருவாங்க, சந்தேகம் வந்தா யார்கிட்ட போகணும், தப்புன்னு பட்டதைச் சொன்னா என்ன நடக்கும், இந்த மூணையும் கேளுங்க. மூணாவது கேள்விக்கு முகம் சுளிச்சா, அந்த இடம் எப்படின்னு சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோகும். எங்க வீட்டு நிலைமைக்கு எந்த வேலையா இருந்தாலும் போயாகணும்னா போங்க, தப்பே இல்லை. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

நான் கடைசி நாள் வரைக்கும் வாயைத் திறக்கலை. சர்டிபிகேட்ல 'நன்னடத்தை'ன்னு போட்டுக் குடுத்தாங்க. அந்தப் பதினோரு டிக்கும் பச்சை மையில, என் கையால, இன்னும் அந்த ஃபைல்லதான் இருக்கு.