அலையோ, செட்டையோ?

சோளகக் காற்று வீசும் மாதங்களில் நாம் வெள்ளவத்தைக் கரையில் நின்று பார்த்தால், எழும் அலையெல்லாம் கருஞ்செட்டையாகவே தோன்றும். படகிலிருந்து ஓர்க்காவைத் தேடுவோருக்கும் இதே மயக்கந்தான். ஆனால் அலை கலைந்துவிடும். செட்டையோ மூச்செடுக்க மீண்டும் எழும்.

கொலைத்திமிங்கிலம் என்று பெயர் பெற்றாலும், ஓர்க்கா ஓங்கில் குலத்தது. வளர்ந்த ஆணின் முதுகுச்செட்டை 6 அடிவரை உயரும். அதிலுள்ள வடுக்களும், பின்னேயுள்ள சாம்பல்நிறத் திட்டும் நம் கைரேகைபோல் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். இவற்றைப் படம்பிடித்தே தனித்தனியாக இனங்காணலாமென 1970களில் கனடாவில் மைக்கல் பிக் என்பார் நிறுவினார்.

எமது தென்கடலிலும், 2013இல், மிரிஸ்ஸவுக்கு அப்பால் ஓர்க்காக்கள் ஸ்பேர்ம் திமிங்கிலங்களைத் தாக்கக் கண்டனர். அரிய விருந்தாளிகள் ஆதலால் தெளிவான ஒரு படமும் செல்வமே. அதற்காகக் கொந்தளிக்கும் கடலில் படகை நெருக்கி ஓட்டுதல் தகாது. படம் கலங்கினால் ‘அடையாளம் தெரியவில்லை’ என்றே குறிப்போமாக; ஊகத்தால் இட்ட பெயர் பின்வருவோரையும் மயக்கும்.