பார்வைக்கோணம் ஒரு கணக்கு

இந்தியன் ஏர்லைன்ஸ் தன் மையப் பயிற்சி நிலையத்தை அமைத்த நகரம் ஐதராபாத். பேகம்பேட்டும் விமானப் பயிற்சிக்குப் பழகிய களம். இந்நகரில் விமானி உரிமம் நாடும் மாணவர்கள், வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் பழகும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: பார்வைக்கோணம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று, அது ஒரு கணக்கு.

60 செ.மீ. அகலத் திரையை 60 செ.மீ. தொலைவிலிருந்து காண்பவருக்கு, அது ஏறத்தாழ 53 பாகை அகலமுள்ள ஒரு சன்னல். மென்பொருளில் 90 பாகை என அமைத்தால் விமானி அறை முழுவதும் தெரியும். ஆனால் திரையின் நடுவிலுள்ளவை பாதியாகச் சுருங்கும். தரையிறங்கு பாதையின் வழக்கமான சரிவு 3 பாகை. அடிவானத்துக்குக் கீழே 3 பாகையில் தெரிய வேண்டிய தொடுமிடம், திரையில் 1.5 பாகையில் தெரியும். இதற்குப் பழகிய கண்ணுக்கு, மெய்யான விமானத்தில் சரியான பாதையே மிக உயரமாகத் தோன்றக்கூடும். அதை நம்பித் தாழ்ந்து இறங்குவதே ஆபத்து.

குறுகிய கோணத்தில் பக்கவாட்டுக் காட்சி மறையும் என்பது நியாயமான மறுப்பே. அதற்குத் தீர்வு பார்வைத் திசையைத் திருப்புவது, காட்சியைச் சுருக்குவதன்று. உயர்நிலைப் பயிற்சிச் சிமுலேட்டர்கள் ஏறத்தாழ 180 பாகைக் காட்சியைப் பெரிய வளைவாடியால் விரித்தே தருகின்றன.

'இங்கே', 'அங்கே' என்னும் சுட்டுகளுக்குப் பேசுபவர் நிற்குமிடமே பொருள் தருகிறது. பார்வைக்கோணத்துக்கும் காண்பவர் அமருமிடமே அளவு. ஆகவே, பிறர் பரிந்துரைக்கும் எண்ணைவிட ஓர் அளவுநாடா நம்பத்தக்கது.