கயபாவின் கணக்கு

வரலாற்றில் நடவாத ஒன்றை நடந்ததாகக் கொண்டு, அதன் பின்விளைவுகளைக் கற்பனை செய்யும் அறிவியல் புதினங்களை ‘மாற்று வரலாறு’ என்பர். அவ்வகையில் பெரிதும் போற்றப்படுவது ஆங்கில எழுத்தாளர் கீத் ராபர்ட்ஸ் 1968-இல் வெளியிட்ட ‘பவான்’. கத்தோலிக்கர் படிக்கத்தக்க நூல் இது. எனினும் விழிப்போடு படிக்க வேண்டிய நூல்.

1588-இல் அரசி முதலாம் எலிசபெத் கொலையுண்டார், ஸ்பானியக் கப்பற்படை வென்றது, இங்கிலாந்து மீண்டும் உரோமைக்குப் பணிந்தது என்று கதை தொடங்குகிறது. அதன்பின் இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே நீராவி வண்டிகளே சாலையில் சரக்கு இழுக்கின்றன. கைகாட்டிக் கோபுரங்கள் வழியே செய்திகள் செல்கின்றன. திருத்தந்தையின் ஆணை பெட்ரோல் எந்திரத்தை 150 கன சென்டிமீட்டருக்குள் அடக்கிவிடுகிறது. சமய விசாரணை மன்றம் மனிதரை வதைக்கிறது.

திருச்சபை அறிவியலின் பகை என்னும் இக்குற்றச்சாட்டைக் கண்டு நம்மில் பலர் சினம் கொள்வர். மறுமொழியும் நம்மிடம் உண்டு. மரபியலுக்கு அடிகோலிய மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. பேரண்டம் விரிவடைகிறது என்று 1927-இல் எடுத்துரைத்த லெமேத்தர் ஒரு குரு. ஆனால் 1633-இல் கலிலேயோவுக்கு வழங்கப்பட்ட தீர்ப்பையும் நாம் மறைப்பதற்கில்லை.

நாம் கண்டிப்பது அக்குற்றச்சாட்டை அன்று. நூலின் இறுதியில் திருச்சபைக்கு அளிக்கப்படும் விடுதலைத் தீர்ப்பையே கண்டிக்கிறோம். மனிதர் பக்குவமடையும்வரை திருச்சபை அறிவைத் தடுத்து வைத்தது. சிலரைத் தூக்கிலிட்டதும் எரித்ததும் உண்மையே. ஆயினும் அவ்வுலகில் நாட்சி வதைமுகாம்கள் இல்லையே என்று அங்கே வாதிடப்படுகிறது.

இவ்வாதம் நம் செவிக்கு இனிக்கிறது. அதுவே ஆபத்து. மக்களினத்தைக் காக்க ஒருவரைப் பலியிடலாம் என்று முதலில் கணக்கிட்டவர் தலைமைக் குரு கயபா. அந்தக் கணக்கில் கொல்லப்பட்டவரையே நாம் ஆண்டவர் என அறிக்கையிடுகிறோம். நடவாத வரலாற்றில் பிழைத்தவர்களை எவராலும் எண்ண இயலாது. எரிக்கப்பட்டவர்களோ உண்மையாகவே எரிக்கப்பட்டார்கள்.

நம் பங்குகளிலும் இக்குரல் ஒலிக்கிறது. “விசாரணை மன்றம் கொன்றவர் எத்தனை பேர்? ஸ்டாலின் கொன்றவர் எத்தனை பேர்?” என்று கேட்கிறோம். மிகைப்படுத்தப்பட்ட எண்களைத் திருத்துவது முறையே. ஆனால் எண் குறைவதால் பாவம் கழிவதில்லை. “அடுத்த வீட்டார் என்னைவிடப் பெரும் பாவி” என்று ஒப்புரவு அருள்சாதனத்தில் ஒருவர் கூறினால், அதைப் பாவ அறிக்கை என்று எந்தக் குரு ஏற்பார்?

2000 மார்ச் 12 அன்று புனித பேதுரு பேராலயத்தில் புனித இரண்டாம் யோவான் பவுல் எவரோடும் ஒப்பிட்டுப் பேசவில்லை. உண்மையைக் காக்கிறோம் என்ற பெயரில் திருச்சபையின் மக்கள் வன்முறையைக் கையாண்டதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அவ்வழியே நமக்குரியது. புதின ஆசிரியர் நீட்டும் சமாதானம் நமக்கு வேண்டாம். மன்னிக்க உரிமையுள்ளவரிடமே நாம் மன்னிப்புக் கேட்போம்.