பனி தீர்ந்த நாள்

நவி மும்பைக்குக் குடிநீர் தரும் மோர்பே அணையில் பனி உருகிய நீர் ஒரு துளியும் கிடையாது. ராய்கட் மலைகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் அதை நிரப்புகிறது. ஆனால் அந்த மழையை முன்கூட்டியே கணிக்கும் முயற்சி இமயத்துப் பனியில்தான் தொடங்கியது. அன்றைய வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் சமவெளியில் மழை குறைகிறது என்று 1884-இல் எழுதினார். 1886-இல் வெளியான முதல் முறையான பருவமழை முன்கணிப்புக்கு அதுவே அடிப்படை. 1976-இல் ஹானும் சுக்லாவும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, யூரேசியப் பனிப்பரப்புக்கும் இந்தியப் பருவமழைக்கும் இடையே அதே எதிர்த்தொடர்பைக் கண்டனர்.

இந்தத் தொடர்பு எல்லாப் பத்தாண்டுகளிலும் ஒரே வலுவுடன் இல்லை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. இயற்பியல் மட்டும் மாறவில்லை. புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகிய நீர் மண்ணை நனைத்து, அடுத்து வரும் வாரங்களின் வெப்பத்தையும் ஆவியாதலில் செலவழிக்கும். திபெத்தியப் பீடபூமி எப்போது சூடேறும் என்பதில் இவை மூன்றுக்கும் பங்குண்டு. ஆகவே, பனியைப் பிழையாக வைத்திருக்கும் நிலப்பரப்பு மாதிரி, பருவமழை தொடங்குமுன்பே பிழையோடு ஓடத் தொடங்குகிறது.

செயற்கைக்கோள் தரவைச் சேர்த்தால் இந்தப் பிழை சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் துறையில் பரவலாக இருக்கிறது. ஐரோப்பிய நடுத்தர வீச்சு வானிலை முன்கணிப்பு மையத்தின் அனுபவம் நம்மை நிதானிக்கச் சொல்கிறது. அதன் பழைய மறுபகுப்பாய்வான இரா-இன்டரிம், ஐஎம்எஸ் என்ற அமெரிக்கப் பனிப்பரப்புத் தரவை உயர்மலைகளிலும் உள்வாங்கியது. புதிய இரா-5, 1,500 மீட்டருக்கு மேல் அதைச் சேர்க்கவில்லை. 2019-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், திபெத்தியப் பீடபூமியின் பனி ஆழத்தில் பழையதே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. புதியதில் பனி மிதமிஞ்சி இருந்தது. மாதிரி பொழியும் பனியே அங்கு அளவுக்கு மீறியது. பழைய பதிப்பில் செயற்கைக்கோள் அதை நாள்தோறும் அகற்றிக்கொண்டிருந்தது. அகற்றுவதை நிறுத்தியதும் பிழை வெளியே வந்தது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. உயர்மலைகளில் செயற்கைக்கோள் தரவை விலக்குவது தவறு. அதைவிட முக்கியமானது மற்றொன்று: உள்வாங்கல் எப்போதும் ஒரே பக்கமாகவே மாதிரியைத் திருத்துகிறது என்றால், பழுது மாதிரிக்குள் இருக்கிறது. திருத்தத்தின் அளவையே தடயமாகக் கொண்டு, பொழிவிலா, எதிரொளிப்பிலா, உருகும் கணக்கிலா என்று தேட வேண்டும்.

அந்தத் தேடலில் ஓர் அடிப்படைத் தடை உண்டு. மாதிரிக்கு வேண்டியது பனியின் நிறை, அதாவது அது உருகினால் எத்தனை மில்லிமீட்டர் நீர் ஆகும் என்ற கணக்கு. மோடிஸ், நம் ரிசோர்ஸ்சாட்டின் ஏவிஃபஸ் போன்ற ஒளியியல் கருவிகள் காட்டுவது பரப்பை மட்டுமே. மேகம் வந்தால் அதுவும் இல்லை. நுண்ணலைக் கருவிகள் மேகத்தை ஊடுருவும். ஆனால் இந்த நீர்க்கணக்கு, அதாவது நீர்ச்சமானம், ஏறத்தாழ 150 மில்லிமீட்டரைத் தாண்டினால் அவற்றின் உணர்திறன் மங்கிவிடும். பனி ஈரமானால் குறிப்பே குழம்பிவிடும். 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு படப்புள்ளிக்குள் ஒரு முழு மலைச்சரிவும் அதன் பள்ளத்தாக்கும் அடங்கிவிடுகின்றன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோள் இந்த இடைவெளியைக் குறைக்க உதவலாம். அதன் அலைக்கட்டத்திலிருந்து பனி நிறையைப் பிரித்தெடுக்கும் முறை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

கையில் இருக்கும் தரவிலேயே நாம் போதிய அளவு பயன்படுத்தாத ஒன்று உண்டு: பனி தீர்ந்த நாள். மாட்டுங்கா பூக்கடையில் பூ எத்தனை மணிக்குத் தீர்ந்தது, மணிக்கு எவ்வளவு விற்றது என்று தெரிந்தால், காலையில் எவ்வளவு பூ வந்து இறங்கியது என்று சொல்லிவிடலாம். பனிக்கும் அதே கணக்குத்தான். வெயிலும் காற்றின் வெப்பமும் நாளொன்றுக்கு எவ்வளவு பனியை உருக்கும் என்பதை ஆற்றல் சமன்பாடு தருகிறது; கடைசிப் பனி மறைந்த நாளை ஒளியியல் படம் தருகிறது. இரண்டையும் கொண்டு பின்னோக்கிச் சென்றால் உச்ச நிறை கிடைக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் குழு, லேண்ட்சாட், மோடிஸ் படங்களைக் கொண்டு ஆசிய உயர்மலைகளுக்கு 1999 அக்டோபர் முதல் 2017 செப்டம்பர் வரை, சுமார் 500 மீட்டர் நுணுக்கத்தில், இப்படித்தான் நாள்வாரிப் பனிக் கணக்கைத் தயாரித்தது.

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தினர், பருவமழைக் கணிப்புக்கான சிஎஃப்எஸ் மாதிரியில், நோவா நிலப்பரப்புப் பகுதியின் ஒற்றை அடுக்குப் பனியைப் பல அடுக்காக மாற்றி, முடிவுகளை 2017-இல் வெளியிட்டனர். மேல் அடுக்கு பகலில் இளகி இரவில் உறைவதை ஒற்றை அடுக்கால் காட்ட முடியாது. இத்தகைய மாற்றங்களைச் சோதிக்கப் பனி தீர்ந்த நாளைவிடக் கறாரான அளவுகோல் வேறில்லை. பக்ரா அணைக்குச் சட்லெஜ் கொண்டுவரும் ஆண்டு நீரில் சுமார் 59 சதவீதம் பனியும் பனியாறும் தருவது என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அங்கே இந்த நாள் பத்து நாள் தவறினால், அணைக்கு நீர் வந்து சேரும் காலக்கணக்கும் தவறிப்போகும்.

செயற்கைக்கோளுக்கும் சாட்சி வேண்டும். இமயத்தில் பாதுகாப்புத் துறையின் நிலையங்களும் அணை வாரியங்களும் எடுக்கும் பனி ஆழ, அடர்த்தி அளவீடுகள், பருவம் முடிந்த பிறகாவது ஆய்வாளர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். அடர்த்தி தெரியாமல் ஆழத்தை நீராக மாற்ற முடியாது. இதைப் படத்தை வைத்து ஈடுகட்டவும் முடியாது.

எங்களால் செய்யக்கூடியதை நாங்கள் இந்த இதழிலிருந்தே தொடங்குகிறோம். இனி எங்களுக்கு வரும் பனி மாதிரிக் கட்டுரைகளில் இரண்டு அட்டவணைகளைக் கேட்போம். ஒன்று, 500 மீட்டர் உயர அடுக்குகள்தோறும் பனி தீர்ந்த நாளில் மாதிரிக்கும் செயற்கைக்கோளுக்கும் உள்ள வேறுபாடு. மற்றொன்று, உள்வாங்கல் மாதந்தோறும் சேர்த்த, நீக்கிய பனியின் அளவு. பரப்பு பொருந்துகிறது என்று மட்டும் காட்டும் கட்டுரையைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.

— ஆசிரியர், நெருள்